அடிக்கவும் உரிமை வேண்டும், அடிக்க மறுக்கவும் உரிமை வேண்டும்

தமிழ்நாடு அரசுக்கும் ஊர்ப் பொதுமக்களுக்கும், பறையடிக்கும் குடும்பங்களில் பிறந்த நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையை எண்ணுகிறது. இன்று கல்லூரி விழாக்களிலும் கடல்கடந்த தமிழர் மேடைகளிலும் பறை அதிர்கிறது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்களுக்கே கிடைத்ததுபோலப் பூரித்தோம். ஆனால் மேடையில் கைதட்டு வாங்கியவன் ஊர் திரும்பினால், “சாவு விழுந்திருக்கு, வாடா” என்ற குரல்தான் வாசலில் நிற்கிறது.

ஆகவே முதலில் கேட்பது மறுக்கும் உரிமை. வரமாட்டோம் என்றால் வயல்வேலை நின்றுபோகிறது, கடையில் சாமான் கிடைப்பதில்லை. கட்டாய வேலை வாங்குவதும் சமூகப் புறக்கணிப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்க வருபவனை உட்காரவைத்துச் சமரசம் பேசாதீர்கள், வழக்குப் பதியுங்கள். இந்த இழிவு வேண்டாமென்று பறையைத் தூக்கி எறிந்த அண்ணன்மாரும், பிள்ளைகளைப் பறை தொடவிடாமல் படிக்கவைத்த அம்மாக்களும் எங்கள் ஆட்களே. அவர்களைக் கலையின் பகைவர் என்று யாரும் சொல்லக்கூடாது.

விரும்பி அடிப்பவருக்குக் கூலியை முன்கூட்டியே பேசி, மணிக்கணக்கில் கொடுங்கள். முன்பு காலையில் இறந்தவரைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இப்போது வெளிநாட்டு மகன் வரும்வரை உடல் ஃப்ரீசர் பெட்டியில் இருக்கிறது. நாங்கள் வெயிலில் இரண்டு நாள் நிற்கிறோம். கூலி மட்டும் ஒரு சாவுக்கு இவ்வளவு என்ற பழைய கணக்குதான். பந்தலுக்குள் நாற்காலியும், எல்லோருக்கும் போடும் அதே இலையில் சோறும் வேண்டும்.

சாவுக்கு அடிக்கும் அடி மட்டுமே எங்கள் சொத்தல்ல. சாமிச்சாட்டு, சப்பரத்து அடி, மருளடி, வாழ்த்தடி என்று ஒவ்வொன்றும் ஓர் ஆசானின் கைக்குள் இருக்கிறது. அவர் இருக்கும்போதே, அவர் பெயரோடும் உரிய தொகையோடும் பதிவு செய்யுங்கள். பறை கற்றுத்தரும் வேலைக்குப் பட்டச் சான்றிதழ் கேட்காதீர்கள். குச்சியைக் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பெண்களையும் ஆசிரியராக அமர்த்துங்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடியதைப் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

கடைசியாக, உடம்பு. பல வருடம் அடித்தவருக்குக் காது மந்தமாகிறது, மணிக்கட்டு வீங்குகிறது. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை உள்ளவருக்கு ஆண்டுதோறும் காதுப் பரிசோதனையும், கை ஓய்ந்த மாதத்திலிருந்தே ஓய்வூதியமும் வழங்குங்கள்.