மாமன் இல்லாத பிள்ளைகள்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பது முதுமொழி. யாழ்ப்பாணத்தார் இதனை வேதவாக்காகக் கொண்டவர்கள். பிள்ளை பட்டம் பெற்றுவிட்டான் என்பது இங்கே பாதி மகிழ்ச்சியே. மற்றப் பாதி நியமனக் கடிதம் கைக்கு வந்த பின்னர்தான் பூர்த்தியாகும். இன்று நம் வகுப்பறைகளிற் பெண் பிள்ளைகளின் தொகை பெருகிவிட்டபடியால், அம்முதுமொழியிலிருந்து 'புருஷ' என்ற சொல்லை நீக்கிவிடலாம். உத்தியோகக் கவலையைத்தான் நீக்க முடியவில்லை. 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக அமர்ந்து போராடியதைக் கண்டவர்கள் அக்கவலையின் ஆழத்தை அறிவார்கள்.

இப்பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு ஆசிரியராகிய நமக்கும் உண்டு. பல்கலைக்கழகத்திலே தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது. கல்லூரிகளில் யாரேனும் ஓர் ஆசிரியர் அப்பணியைத் தலையிற் சுமக்கிறார். முன்னாளில் அவருக்கு உதவியாக இருந்தது அறிவித்தற் பலகை. இந்நாளில் அதன் இடத்தை வட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வர்த்தமானி வெளிவந்தால், அன்றைக்கே அதன் பக்கங்கள் இருநூறு கைத்தொலைபேசிகளிற் சென்று விழுகின்றன. "அனுப்பிவிட்டோம்" என்று ஆசிரியர் ஆறுதல் அடைகிறார். "பார்த்துவிட்டோம்" என்று மாணவர் ஆறுதல் அடைகின்றனர். இவ்விரண்டு ஆறுதல்களாலும் யாருக்கேனும் உத்தியோகம் கிடைத்ததா என்பதே கேள்வி.

நம் முன்னோர் உத்தியோகம் தேடிய விதத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் கப்பலேறி மலாயாவுக்குச் சென்றனர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தனர். முன்னே சென்ற மாமன், இடம் காலியாக இருக்கும் செய்தியை ஊருக்கு எழுதுவார். மருமகன் புறப்பட்டுச் சென்று, மாமன் வீட்டிலேயே தங்கி, மாமன் அறிமுகப்படுத்திய துரையின் முன் நிற்பான். பின்னர் அவனும் பலருக்கு மாமனாவான். முப்பது ஆண்டுகள் கழித்து 'மலாயாப் பென்சனியர்' என்ற பெருமையோடு ஊர் திரும்பிக் கல்வீடு கட்டுவான். கொழும்பிலும் இதே கதைதான்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. மாமன் உள்ளவனுக்கே வழி திறந்தது. உறவு என்பது நம் சமுதாயத்திலே சாதி வேலிக்குள் வளர்ந்த கொடி. அவ்வேலிக்கு வெளியே பிறந்த பிள்ளை எத்துணைக் கெட்டிக்காரனாக இருந்தாலும், அவனுக்குக் கோலாலம்பூரிலிருந்து கடிதம் எழுத ஒருவரும் இருக்கவில்லை. தீவுப் பகுதிகளிலும் வன்னியிலும் இன்றும் இத்தகைய பிள்ளைகள் பலர் உளர். அவர்களையே நாம் மாமன் இல்லாத பிள்ளைகள் என்கிறோம்.

உத்தியோகம் யார் மூலமாகக் கிடைக்கிறது என்பதை அமெரிக்காவிலும் ஒருவர் ஆராய்ந்தார். மார்க் கிரனோவெற்றர் என்னும் சமூகவியல் அறிஞர், பொஸ்ரன் நகருக்கு அண்மையிலுள்ள நியூற்றனிலே, புதிதாக வேலை மாறியவர்களைக் கண்டு விசாரித்து, 1973 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வேலை பெற்றவர்களுள், 100 க்கு 17 பேர் மாத்திரமே தாம் அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் பெற்றிருந்தனர். ஏனையோருக்கு உதவியவர்கள் எப்போதாவது காணும் அறிமுகக்காரர்கள். அவர்களுள்ளும் 28 பேருக்கு உதவியவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை காண்பதே அரிதானவர்கள்! காரணம் எளிது. நெருங்கிய உறவினர் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் நாமும் அறிந்ததே. நாம் அறியாத செய்தி, நாம் புழங்காத இடத்திற் புழங்குபவரிடமே இருக்கும்.

இக்கருத்தைப் பிற்காலத்தில் மிகப் பெரிய அளவிலே சோதித்தும் பார்த்தார்கள். 2003 இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் என்னும் தொழில்சார் தளத்தில், ஐந்து ஆண்டுக் காலத்தில் சுமார் 2 கோடி பாவனையாளர்களின் தொடர்புகளை ஆராய்ந்த முடிவு 2022 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. மிக நெருங்கியவரும் அல்லர், முற்றிலும் அந்நியரும் அல்லர். இடைநடுவே நிற்கும் அறிமுகக்காரரே புது வேலைக்கு அதிகம் உதவுகின்றனர் என்று அது காட்டியது. தாம் சோதிக்கப்படுவதைப் பாவனையாளர் அறியாதிருந்தது சரியா என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. அதுவும் நியாயமான கேள்வியே.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய படிப்பினை யாது? முன்னாளில் மாமன் உள்ளவனுக்கு மாத்திரம் கிடைத்த அந்த அறிமுகத்தை, மாமன் இல்லாதவனும் தானே தேடிக்கொள்ள இக்கருவி இடமளிக்கிறது. நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவான் துறையில் இறங்கிப் படிக்க வரும் மாணவி, தன் கல்லூரியிலே பத்தாண்டுகளுக்கு முன் படித்துக் கொழும்பிற் கணக்காளராக இருக்கும் ஒருவருக்கு எழுதலாம். இது சிபாரிசு பிடிப்பது அன்றோ எனச் சிலர் கேட்பர். அன்று. தகுதி இல்லாதவனுக்கு இடம் கேட்பது சிபாரிசு. தகுதி உள்ளவனுக்கு வழி கேட்பது அறிமுகம்.

ஆனால், கருவி இருந்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் அதனைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். ஒருவன் தன் படத்துக்குப் பதிலாகச் சினிமா நடிகரின் படத்தை இடுகிறான். இன்னொருவன், முன்பின் அறியாத அதிகாரிக்கு "ஐயா, வேலை ஒன்று தாருங்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் பதில் இல்லையே என்று வருந்துகிறான். வேறொருத்தி ஆங்கிலத்திற் பிழை வந்துவிடுமோ என்று அஞ்சி ஒன்றுமே எழுதாதிருக்கிறாள். நல்ல கடிதத்துக்கு ஐந்து வரிகள் போதும். நான் யார், உங்களை எவ்வாறு அறிந்தேன், என்ன படிக்கிறேன், உங்கள் தொழிலைப் பற்றி நான் அறிய விரும்பும் ஒரு விடயம் என்ன, பதினைந்து நிமிடம் ஒதுக்க இயலுமா என்பவையே அவை. வேலை கேட்க வேண்டியதில்லை; வழி கேட்டாற் போதும். வழி கேட்பவனுக்கு மறுப்புச் சொல்ல மனிதர் கூசுவர். பதில் வந்தால், அன்றைக்கே நன்றி எழுத வேண்டும்.

ஆபத்தையும் மறைக்கலாகாது. 2022 முதல், தாய்லாந்திற் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று சமூக வலைத்தளங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் எல்லையிலுள்ள மியாவடிப் பகுதியில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்டனர். சிலரை மீட்க அரசாங்கமே தலையிட வேண்டியிருந்தது. ஆதலால் ஒவ்வொரு பெற்றோரும் சில விதிகளை மனத்திற் பதித்துக்கொள்வது நல்லது. வேலை தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். சுற்றுலா விசாவிற் போய் வேலை செய்யலாம் என்பது பொய். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி பெற்றிருக்கிறாரா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்டறியுங்கள். அதன் தொலைபேசி இலக்கம் 1989. பெண் பிள்ளைகள் வீட்டு விலாசத்தையும் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் பொதுப் பக்கத்தில் இட வேண்டியதில்லை. தொழில் விடயம் பேசத் தொடங்கிப் படம் கேட்பவரை உடனே விலக்கிவிட வேண்டும்.

அறிவித்தற் பலகையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியதை நாம் மறக்கவில்லை. கைத்தொலைபேசிக்குக் காசு போட இயலாத பிள்ளையும் நம் வகுப்பிலே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் வழிகாட்டல் முதலில் வேண்டும்.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. யாழ் ஐ.ரி. ஹப் என்னும் தன்னார்வ அமைப்பு, 2012 இல் தொடங்கிய யாழ் கீக் சலஞ்ச் போட்டியின் மூலம், நம் இளைஞரைக் கணினித் துறையில் அனுபவம் பெற்ற பலரோடு சேர்த்துவைத்தது. கணினி பயில்வோருக்குச் செய்த அக்காரியத்தை, கலையும் வணிகமும் விவசாயமும் பயில்வோருக்கு நம் கல்லூரிகள் ஏன் செய்யலாகாது?

அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. நம் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றன. ஆண்டுதோறும் மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் அவர்களிடம் பணம் கேட்கிறோம். அவர்களும் மனமுவந்து தருகிறார்கள். பிள்ளைக்காக ஒரு மணி நேரம் தாருங்கள் என்று நாம் கேட்டோமா? இன்ன தொழிலில் இருக்கிறேன், ஒரு மாணவனோடு பேச ஆயத்தமாக இருக்கிறேன் என்று ஐம்பது பேர் தம் பெயரைப் பதிந்தாற் போதும். ஓர் ஆசிரியர் அப்பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு எவர் பொருத்தம் என்று பார்த்து, அந்தப் பிள்ளை எழுதும் முதற் கடிதத்தைத் திருத்திக் கொடுக்கட்டும். இருநூறு பேருக்கு ஒரே அறிவித்தலை அனுப்புவதிலும், ஒருவன் அருகிலிருந்து அந்த ஐந்து வரிகளை எழுதுவித்தல் மேலானது.

உறவினால் வந்த மாமனை எல்லாருக்கும் கொடுக்க நம்மால் இயலாது. கல்வியினால் வரும் மாமனைக் கொடுக்கக் கல்லூரியால் இயலும். பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.