சொல் தெரியும், பயன்படுத்தத் தெரியாது

தென்கொரியாவில் ஆங்கிலம் படிக்கும் மாணவரின் பையில் சொற்பட்டியல் புத்தகம் ஒன்று தவறாமல் இருக்கும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே கொரியப் பொருள். மதிப்பிடுவதைக் குறிக்கும் அப்ரைஸ், அசெஸ், இவால்யுவேட் மூன்றுக்கும் பெரும்பாலும் 'ப்யோங்காஹாதா' என்ற ஒரே பொருள்தான். ஆனால், நகைக்கோ வீட்டுக்கோ என்ன விலை தகும் என்று வல்லுநர் சொல்வது அப்ரைஸ். வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுப்பது அசெஸ். ஒரு திட்டம் பலன் தந்ததா என்று அலசுவது இவால்யுவேட். எது எங்கே பொருந்தும் என்பது எழுதியும் பேசியும் பழகினால்தான் பிடிபடும்.

அந்தப் பழக்கம் இல்லாததற்கு மாணவர்களைக் குறைசொல்வது நியாயமல்ல. நவம்பரில் நடக்கும் 'சுனூங்' கல்லூரி நுழைவுத் தேர்வின் ஆங்கிலத் தாளில் 70 நிமிடங்களில் 45 கேள்விகள். கேட்டலுக்கு 17, வாசிப்புக்கு 28. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. அரசுக் கல்வி ஒளிபரப்பான இபிஎஸ்ஸின் பயிற்சி நூல்களிலிருந்து பத்திகள் அப்படியே எடுக்கப்பட்ட ஆண்டுகளில், பலர் ஆங்கிலத்தை விட்டுவிட்டு அவற்றின் கொரிய மொழிபெயர்ப்பையே மனப்பாடம் செய்தார்கள். அந்தத் தேர்வுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

போட்டியையும் டியூஷன் செலவையும் குறைக்க, 2017 நவம்பர் தேர்விலிருந்து ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் எடுத்த எல்லோருக்கும் முதல் தரம் என்றார்கள். பழைய முறையில் முதல் தரம் ஏறத்தாழ 4 சதவீதத்தினருக்கு. 2025 நவம்பர் தேர்விலோ அதைப் பெற்றவர்கள் சுமார் 3 சதவீதம்தான். சுமையைக் குறைக்க வந்த முறை, பழைய முறையைவிட வாசலைக் குறுக்கிவிட்டது. கான்ட்டின் சட்டத் தத்துவம் பற்றிய கேள்வியும் அந்தத் தாளில் இருந்தது. கண்டனம் வலுத்ததும் தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தலைவர் ஓ சுங்-கொல் பதவி விலகினார். டியூஷன் செலவும் குறையவில்லை. பள்ளி மாணவர்களுக்கான தனியார் பயிற்சிக்கு 2024இல் மட்டும் சுமார் 29 லட்சம் கோடி வோன் செலவானது.

தலைவர் விலகியதால் எதுவும் மாறாது. இதுவரை மாற்றியது தரம்பிரிக்கும் முறையை மட்டுமே. கேள்வியின் வடிவத்தை அல்ல. பேச்சையும் எழுத்தையும் சோதிக்கும் 'நீட்' என்ற தேசிய ஆங்கிலத் தேர்வை அந்த நாடே உருவாக்கியது. டியூஷன் பெருகும் என்ற அச்சம் உள்ளிட்ட காரணங்களால் பின்னர் கைவிட்டது. அந்தத் தேர்வு இல்லாமலேயே டியூஷன் பெருகிவிட்டது. ஆகவே, அந்த முயற்சியை மீண்டும் கையிலெடுக்க வேண்டும். முதல்படியாக, மாணவர் சொந்தமாக எழுதும் ஒரு பத்திக்காவது சுனூங்கில் மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.