சைக்கிள் நம்மள ஏத்தணும்

போன வருசம் நாங்க ஆறு பேர் சீட்டுக் காசு சேர்த்து ஒரு மவுண்டன் பைக் வாங்கினோம். முன்னுக்கும் ஸ்பிரிங், பின்னுக்கும் ஸ்பிரிங், தடிச்ச டயர், பளபளன்னு பெயின்ட். "ரேஸ் சைக்கிள் தம்பி"ன்னார் கடைக்காரர். பதுளை டவுன்ல நல்லாத்தான் ஓடிச்சு. தோட்டத்து ரோட்டுல ஏத்தினப்போ பெக்டரி வளைவுக்கு முன்னமே இறங்கித் தள்ள வேண்டியதாப் போச்சு. கொழுந்து நிறுக்க வந்த அக்காமார் கேட்டாங்க: "சைக்கிள் ஒங்கள ஏத்திட்டுப் போவுதா, நீங்க சைக்கிள ஏத்திட்டுப் போறீங்களா?"

அந்தக் கேள்வியத்தான் இந்தக் கட்டுரையில நாங்களும் கேட்கிறோம். நெடுந்தூரப் போட்டிக்கு சைக்கிள் தேடுறவங்க முதல்ல பார்க்க வேண்டியது ஸ்பிரிங்கை இல்ல, ஏத்தத்தை.

நம்ம ஊவா நிலத்தைப் பாருங்க. பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். அப்புத்தளை 1,400க்கு மேல. அங்கிருந்து தம்பேதென்ன பெக்டரி வழியா லிப்டன் சீட்டுக்குப் போனா 1,900ஐயும் தாண்டும். மரதன் மவுண்டன் பைக் போட்டின்னா 60 கிலோமீற்றருக்குக் குறையாது. இப்படி நிலத்துல அது பல மணி நேர வேலை. முதல் ஏத்தத்துலயே கால் செத்துப்போனா மீதிக்கு என்ன செய்றது?

அதனால கியர்தான் முக்கியம். இப்போ வர்ற விலை கூடின சைக்கிள்ல முன்னுக்கு 32 பல், பின்னுக்குப் பெரிய சக்கரம் 51 பல் இருக்கும். பெடலை ஒரு சுத்து சுத்தினா டயர் முக்கால் சுத்துகூட வராது. ஏத்தத்துக்கு அதுதான் வேணும். ஆனா பழைய மாதிரி மூணு சக்கர செட்ல முன்னுக்குச் சின்னது 22, பின்னுக்குப் பெருசு 34 இருந்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். பாவிச்ச சைக்கிள் வாங்கப் போனா விலையைக் கேட்க முன்ன பல்லை எண்ணுங்க. நாங்க எண்ணல.

ரெட்டை சஸ்பென்ஷன் கூடாதுன்னு சொல்ல வரல. உலகத் தரப் போட்டிக்காரங்க நிறையப் பேர் அதுலதான் ஓடுறாங்க; கல்லு ரோட்டுல மணிக்கணக்கா ஓடுறப்போ முதுகைக் காப்பாத்தும். ஆனா அது பாரம் குறைஞ்ச, விலை கூடின சாமான். மலிவு விலையில அதே பேர்ல கிடைக்கிறது இரும்புப் பாரம். மிதிக்கிற பலத்துல ஒரு பங்கை ஸ்பிரிங் குடிச்சிடுது. நம்ம காசுக்கு முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதே நல்லது. அளவும் பாருங்க. எங்க ஆறு பேர்ல உயரம் குறைஞ்ச தோழிக்கு அந்தச் சைக்கிள்ல நின்னா கால் தரையில எட்டாது. ஒரே ஒருநாள் ஓட்டினா, முழங்கால் வலின்னு விட்டுட்டா.

பிரேக்குக்கும் காசு ஒதுக்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில செம்மண் சேறு ரிம்முல ஒட்டினா ரப்பர் பிரேக் பிடிக்காது; டிஸ்க் பிரேக் வேணும். டியூப் இல்லாத டயர் நல்லதுதான், ஆனா அதுக்கு ஊத்துற பால் எல்லாக் கடையிலயும் கிடைக்காது. ஒட்டுப் போடத் தெரிஞ்சா டியூபும் ஒரு பம்பும் போதும்.

இவ்வளவு கணக்கு ஏன்? 2024இல தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபான்னு வர்த்தமானி வந்திச்சு. நாங்க பிழையா வாங்கின சைக்கிள் அந்தக் கணக்கில ஒரு அம்மாவோட 50 நாள் பேர். விளையாட்டுச் சாமான்ல பிழை விட நமக்கு வசதி இல்ல.

இன்னொண்ணும் இருக்கு. 2014இல தொடங்கின 'ரம்பிள் இன் த ஜங்கிள்' மாதிரி பல நாள் மவுண்டன் பைக் போட்டிக்கு வெளிநாட்டுக்காரங்க இந்த நாட்டைத் தேடி வந்தாங்க. 300 கிலோமீற்றருக்கு மேல நீளுற பீக்கோ டிரெயில் இப்போ நம்ம தோட்டங்களுக்குள்ளால போகுது. அந்தப் பாதைகள்ல நிறைய, தேயிலையை இறக்க நம்ம பாட்டன் பூட்டன் மலையை வெட்டிப் போட்டது. அதுல மத்தவங்க ஓடுறப்போ லயத்து வாசல்ல நின்னு கைதட்டுறது மட்டும் நம்ம பங்காக இருக்கக் கூடாது. அவங்க வரட்டும், சந்தோசம். நாங்களும் ஓடணும்.

ஆளுக்கொரு சைக்கிள் முடியாது. ஒரு டிவிசனுக்கு ரெண்டு நல்ல சைக்கிள், ரெண்டு அளவுல, பொதுவா வாங்கலாம். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கத் தெரிஞ்ச இளைஞர் கழகங்களுக்கு இது பெரிய வேலையா? வாங்க முன்ன கடைக்காரர்கிட்ட அரை மணி நேரம் கேட்டு, பக்கத்துல உள்ள ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க. மேல வரைக்கும் இறங்காமப் போனா காசைக் குடுங்க.

எங்க சைக்கிளை வித்துட்டோம், நட்டத்துக்குத்தான். புதுச் சீட்டு தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்குது. இந்த முறை சைக்கிளைப் பார்க்க அந்தத் தோழிதான் முன்னுக்குப் போறா, கையில அளவு நாடாவோட.