யாருடைய 45 நிமிஷம்?

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாற்கரச் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதியை 2025 ஜூலை 26ந் தேதி பிரதமர் திறந்து வைத்தார். நீளம் 50 கிலோமீட்டர். செலவு 2,350 கோடி ரூபாய்க்கு மேல். பிரயாண நேரம் 45 நிமிஷம் குறையும் என்று சர்க்கார் அறிவித்தது.

சாலையை நாம் வரவேற்கிறோம். 1836இல் கட்டிய கீழணையின் குறுகிய பாலத்தில் வண்டிகள் காத்துக் கிடந்ததை அணைக்கரை வழியே போனவர்கள் மறக்க மாட்டார்கள். கொள்ளிடத்தின் மீது புதுப் பாலம் வந்தது நல்லதே. ஆனால் அந்த 45 நிமிஷம் யாருக்கு மிச்சம்?

நெரிசலை எஞ்சினியர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பது தோழர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு சோதனைக் காரை மற்ற வண்டிகளோடு வண்டியாக ஓட்டி, புறப்பட்ட நேரம், நின்ற நேரம், போய்ச் சேர்ந்த நேரம் குறிக்கிறார்கள். தடையின்றிப் போனால் ஆகும் நேரத்துக்கு மேல் ஆனதெல்லாம் தாமதம். ரோட்டோரம் நின்று வண்டிகளையும் எண்ணி, எல்லாவற்றையும் கார்க் கணக்குக்கு மாற்றுகிறார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி அல்ல, 1934இல் ஏற்பட்ட எஞ்சினியர்கள் ஸ்தாபனம்) 1990இல் வெளியிட்ட விதிப்படி கார் 1, சைக்கிள் அரை, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5, மாட்டு வண்டி 8. வண்டி அடைக்கும் இடத்துக்கும் அதன் வேகத்துக்கும் போட்ட எண்கள் இவை. நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது.

சாலையின் அகலத்தைத் தீர்மானிக்க இது சரியான கணக்குத்தான். அதில் சூது எதுவும் இல்லை. ஜனங்களின் நஷ்டத்தை அளக்க இது போதுமா?

பாபநாசத்திலிருந்து தஞ்சைக்கு வரும் பஸ்ஸில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷம் தாமதித்தால் எல்லோருக்குமாகப் பத்து மணி நேரம் போயிற்று. மூன்று காரில் காருக்கு இரண்டு பேர் வீதம் வந்தால் போனது ஒரு மணி நேரம். கார்க் கணக்கில் இரண்டும் 3! இதைவிட மோசம் ஒன்று உண்டு. சாலைத் திட்டங்களின் வரவு செலவில் பிரயாணியின் நேரத்துக்கு விலை போடும்போது காரில் போகிறவரின் மணிக்கு அதிக ரூபாய், சாதாரண பஸ்ஸில் போகிறவரின் மணிக்குக் குறைந்த ரூபாய். நடவுக்குப் பிந்தி வந்ததால் திருப்பியனுப்பப்பட்ட பெண்ணுக்கும், மில் கேட்டில் பிந்தியதால் கூலி பிடிக்கப்பட்ட தொழிலாளிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தின் விலை என்ன என்று கேட்டுப் பார்க்கட்டும்!

ஐயம்பேட்டையிலும் பாபநாசத்திலும் நின்று போகும் பஸ் பழைய ரோட்டில்தான் போயாக வேண்டும். புறவழியில் பறக்கும் காருக்கு மிச்சமான நிமிஷம் அதற்குக் கிட்டாது. பஸ் வராமல் நிற்கும் அரை மணி நேரத்தையோ, நாற்கரச் சாலைக்கு அப்பாலுள்ள வயலுக்குப் போகக் கீழ்வழி தேடிச் சுற்றி நடப்பதையோ சோதனைக் கார் அறியாது. அது எந்த நிறுத்தத்திலும் பஸ்ஸுக்காகக் காத்து நின்றதில்லை.

ஆளை எண்ண முடியாது என்ற சாக்கு எடுபடாது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கண்டக்டர் சீட்டுக் கொடுக்கிறார். எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு சர்க்கார் கையிலேயே இருக்கிறது.

தஞ்சை–கும்பகோணம் பழைய ரோட்டில் நடவு, அறுவடை மாதங்களில் காலை 6 முதல் 9 வரை தாமதத்தை ஆள் கணக்கில் அளக்க வேண்டும். நிறுத்தத்தில் நின்ற நேரத்தையும் சாலையைக் கடக்க நின்ற நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கைத் தமிழில் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டி, அதைப் பார்த்துப் பஸ்களை அதிகப்படுத்த வேண்டும் என்று நாம் கோருகிறோம்.