எத்தனை ஜிபிபிஎஸ்னு மட்டும் கேட்காதீங்க

சாட்டிலைட் ஏவினதும் நாம தேடுற முதல் நம்பர் மொத்த ஜிபிபிஎஸ்தான். 2024 நவம்பரில் ஏவப்பட்ட நம்ம ஜிசாட்-என்2க்கு அது 48. ஆனா அது 32 பீம்களுக்கான மொத்தம்: வடகிழக்கு மாநிலங்களுக்கு 8 குறுகிய பீம், மீதி இந்தியாவுக்கு 24 அகலமான பீம்.

பீம் குறுகினா பவர் குவியும். தள்ளியிருக்கிற இன்னொரு பீமில் அதே ஃப்ரீக்வென்சியை மறுபடியும் பயன்படுத்தலாம். இது வரைக்கும் பரீட்சைக்கே படிச்சிருப்பீங்க. நான் கேட்பது வேற: வெள்ளத்தில் ஒரு மாவட்டத்தின் டவர்கள் எல்லாம் செத்துப்போனா, வேறொரு பீமில் சும்மா கிடக்கும் கெபாசிட்டியை அங்கே திருப்ப முடியுமா? பீமோட இடமும் பங்கும் தரையிலேயே முடிவாகிட்டா முடியாது. இந்த மாதிரி சாட்டிலைட்டின் ஆயுளோ 14, 15 வருஷம். அத்தனை காலத்துக்கும் டிராஃபிக் எங்கே கூடும்னு இன்னைக்கே யாரால சொல்ல முடியும்?

2021-ல் ஏவப்பட்ட யூட்டெல்சாட் குவாண்டம், தன் 8 பீம்களின் இடத்தையும் பவரையும் விண்வெளியிலேயே மாற்றிக்கொள்ளும். இந்த வசதிக்கு எடை, பவர், செலவு எல்லாம் கூடும், உண்மைதான். இருந்தாலும் தேவையில்லாத இடத்தில் தேங்கி நிற்கும் ஜிபிபிஎஸ் யாருக்குப் பயன்?

ப்ராஜெக்டுக்கு சாட்டிலைட் எடுக்கிறவங்க, கெபாசிட்டியைக் கூட்டுறதோட நிறுத்தாதீங்க. அதை நகர்த்தவும் டிசைன் பண்ணுங்க.