குடைமிளகாய் பிடிக்காத குழந்தை

வியாழக்கிழமை மாலை பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துப் பக்கம் போய் நின்றால் தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் காதில் விழும். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழில் அடம்பிடிப்பார்கள், கடையில் கன்னடத்தில் மீதிச் சில்லறை கேட்பார்கள், பள்ளியில் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். சிலருக்கு இப்போது நான்காவதாக ஜப்பானிய மொழியும் சேர்ந்திருக்கிறது. பிடதியில் டொயோட்டா தொழிற்சாலை வந்த காலத்தில் அது பெரியவர்கள் வேலைக்காகப் படித்த மொழி. பிள்ளைகளை இழுத்து வருவது அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன்.

பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லும் பாடம் சீக்கிரமே வந்துவிடும். பலரும் பயன்படுத்தும் ‘மின்னா நோ நிஹோங்கோ’ புத்தகத்தில் அது 9-ஆம் பாடம். ‘வாதஷி வா மாங்கோ க சுக்கி தெஸ்’ என்றால் எனக்கு மாம்பழம் பிடிக்கும். இந்த ‘க’, தங்கத்தில் ஒலிக்கும் க. நம் எழுத்தில் குறித்துக்கொண்டு படித்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்பதால், முதல் வாரத்திலேயே ஜப்பானிய எழுத்தான ஹிராகனாவுக்குப் போய்விடுவது நல்லது.

பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்தக் ‘க’வில்தான். ‘ஐ லைக் மேங்கோ’ என்று ஆங்கிலத்தில் நினைத்துவிட்டுப் பேசுகிறவர்கள், மாம்பழத்தைச் செயப்படுபொருளாக்கி ‘ஓ’ சேர்த்துவிடுகிறார்கள். தமிழில் நினைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதில் மாம்பழம்தான் எழுவாய். ஜப்பானிய வாக்கியத்திலும் அப்படியே, ‘க’ அதைத்தான் காட்டுகிறது. கன்னடத்து ‘நனகெ இஷ்ட’வும் இதே ஜாதி. ஆட்களைச் சொல்லும்போது மட்டும் நாம் ‘அம்மாவைப் பிடிக்கும்’ என்று ‘ஐ’ போடுவோம். அந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும். ஆக, வீட்டிலும் கடையிலும் இரண்டு மொழியில் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, மூன்றாவதான ஆங்கிலத்தின் வழியாக ஜப்பானிய மொழியைச் சொல்லிக் கொடுக்கிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், வாக்கிய அமைப்பில் கிடைக்கும் வசதியை ஏன் விடவேண்டும்?

பிடிக்காததைச் சொல்வது வேறு கதை. புத்தகத்தில் ‘கிராய்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் விருந்துக்கு அழைத்தவர் முன்னால் அதைச் சொன்னால் முகத்தில் அடித்தமாதிரி. ‘அமாரி சுக்கி ஜா நாய்’, அவ்வளவாகப் பிடிக்காது என்பார்கள். இல்லையென்றால் ‘சொத்தோ...’, அதாவது ‘கொஞ்சம்...’, என்று ஆரம்பித்து அப்படியே இழுத்து நிறுத்திவிடுவார்கள். மீதியைக் கேட்கிறவர் புரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் ‘வயிறு நிறைஞ்சிருச்சு அத்தை’ என்று இலையை மடிக்கிற பிள்ளைக்கு இதைத் தனியாகச் சொல்லித் தரவேண்டுமா என்ன! இருந்தும் வகுப்பில் பிள்ளைகள் ‘கிராய்’ என்றே கத்துகிறார்கள். அனிமேயில் கேட்டது அதைத்தான்.

ஜப்பானியக் குழந்தைகளுக்கும் பிடிக்காதது உண்டு. 2015-இல் வந்த ‘இன்சைட் அவுட்’ படத்தில் சிறுமி ப்ரோக்கோலியைப் பார்த்து முகம் சுளிப்பாள். ஜப்பானில் ஓடிய படத்தில் அதைக் குடைமிளகாயாக மாற்றினார்கள். அங்கே குழந்தைகள் ஒதுக்குவது அதைத்தான். ஆனால் ஆரம்பப் பள்ளிகளில் மதியச் சாப்பாட்டை வகுப்பறையிலேயே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒரே சமையல். ‘சுக்கி-கிராய்’ என்று சேர்த்துச் சொன்னால் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிடும் குணம். அது கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். பாகற்காயை ஓரத்தில் ஒதுக்கினால் நம் வீட்டில் நடப்பதும் இதுதானே.

அதனால் இந்தப் பாடத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இலக்கணத்தைவிட, பிள்ளையை உட்கார வைத்து ‘உனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?’ என்று ஒருவர் கேட்பதும், சொல்கிற பதிலைத் திருத்தாமல் கேட்டுக்கொள்வதும். ‘க’வைத் திருத்தலாம், பாகற்காயைத் திருத்தவேண்டாம். ஆனால் பெற்றோரின் கண் முழுக்க என்5 தேர்வில் இருக்கிறது. ஜேஎல்பிடி எனப்படும் அந்த ஜப்பானிய மொழித் தேர்வில் என்5 முதல் என்1 வரை எந்தப் படியிலும் பேச்சுத் தேர்வு கிடையாது. வாசித்து, கேட்டு, விடையைத் தேர்ந்து வட்டத்தை நிரப்பினால் போதும். தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாமலேயே ஒரு பிள்ளை சான்றிதழ் வாங்கிவிடலாம்.