கணினியில் வட்டு இயக்கி இனியும் தேவையா?

இன்று கோலாலம்பூரில் ஒரு புதிய மடிக்கணினியை வாங்கினால், பெரும்பாலும் அதில் குறுவட்டைச் செருக இடம் இருப்பதில்லை. நெகிழ்வட்டைப் பற்றிக் கேட்டால் விற்பனையாளர் சிரித்துவிடுவார். பழைய சேமிப்பு வட்டுகளுக்கான இயக்கிகளைக் கணினி உற்பத்தியாளர்கள் இவ்வாறு கைவிடுவது முறையா? முறைதான் என்பது என் கருத்து. ஆயினும், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு.

1998ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் நெகிழ்வட்டு இயக்கி இல்லாத ஐமேக் கணினியை வெளியிட்டபோது பலர் குறை கூறினர். ஆனால், 3.5 அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் 1.44 மெகாபைட் அளவே சேமிக்க முடியும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூடப் பெரும்பாலும் அதில் அடங்காது. குறுவட்டு ஒன்று ஏறக்குறைய 700 மெகாபைட் கொள்ளும். 2011இல் சோனி நிறுவனமும் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திக்கொண்டது. (அந்நாட்டு அரசு அலுவலகங்கள் மட்டும் 2024 வரை அதை விடவில்லை என்பது வேடிக்கை!) ஒரு சிலருக்கே தேவைப்படும் கருவியை எல்லாக் கணினிகளிலும் பொருத்தி, அதற்கான செலவை எல்லாரிடமும் வாங்குவது நியாயமன்று.

வட்டுகளின் இடத்தைப் பிடித்த விரலியின் வரலாற்றில் நம் மாநிலத்தவர் ஒருவருக்கும் பங்குண்டு. சிலாங்கூர், செகிஞ்சானைச் சேர்ந்த புவா கெய்ன் செங் கிள்ளானில் இடைநிலைக்கல்வி பயின்று, மேற்கல்விக்காகத் தைவான் சென்றவர். நண்பர்களோடு சேர்ந்து 2000இல் அங்கு அவர் தொடங்கிய பைசன் நிறுவனம், விரலியின் கட்டுப்பாட்டுப் பகுதியை ஒரே சில்லில் அடக்கிக் காட்டியது. விரலியை முதலில் உருவாக்கியவர் யார் என்பதில் சிங்கப்பூர், இஸ்ரேல் நிறுவனங்களும் உரிமை கோருகின்றன. எப்படியாயினும், சட்டைப் பையில் அடங்கும் விரலி வந்தபின் வட்டைத் தேடுவோர் குறைந்துவிட்டனர்.

அப்படியானால், வட்டுகளில் ஏற்கெனவே சேமித்தவை என்னாவது? பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாங்கிய பாடல் குறுவட்டுகள் பல வீடுகளில் இன்னும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பாடல்களை இணையத்தில் மீண்டும் கேட்கலாம். ஆனால், ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களோ ஆலயத் திருவிழா மலரோ பள்ளி ஆண்டிதழோ இணையத்தில் கிடைக்குமா? மேலும், நம் நாட்டின் வெப்பமும் ஈரப்பதமும் வட்டுகளுக்குப் பகை. பூஞ்சை படர்ந்த நெகிழ்வட்டைப் புத்தம்புதிய இயக்கியில் செருகினாலும் பயனில்லை. ஆகவே, எல்லாக் கணினிகளிலும் இயக்கியை வைத்திருப்பதனால் மட்டும் இவற்றைக் காப்பாற்ற முடியாது.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலம் முதல், மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழை எழுதி வருகின்றனர். யூனிகோடு பரவுவதற்கு முன்னர் பல எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. அக்காலக் கோப்பு ஒன்றை வட்டிலிருந்து பத்திரமாக எடுத்துவிட்டாலும், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். அதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் படிக்க முடியும்.

எனவே, என் நிபந்தனை இதுதான்: கணினியின் உள்ளே இயக்கி இல்லாவிட்டாலும், யூஎஸ்பி வழி இணைக்கும் வெளி இயக்கி அதில் இயங்க வேண்டும். பழைய வட்டைப் படிக்கும் வசதியை இயங்குதளத்திலிருந்தும் நீக்கிவிட்டால் அது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநீதியாகும்.

வெளி இயக்கியை ஒவ்வொரு வீட்டிலும் வாங்க வேண்டியதில்லை. வட்டாரத்தில் ஒரு பள்ளியோ நூலகமோ ஆலயமோ ஒன்றை வாங்கி வைத்தால் போதும். கணினிக் கழக மாணவர்களே பள்ளி விடுமுறையில் கோப்புகளைப் படியெடுத்துக் கொடுக்கலாம். நெகிழ்வட்டுகளிலிருந்து தொடங்குவது நல்லது. குறுவட்டுகள் இன்னும் சில காலம் தாங்கும்.